தலைக்கு மேலே ஒரு பியூட்டி பார்லர்

என் மனைவி வாய்விட்டுச் சிரித்ததை நான் முதன்முதலாகக் கேட்டது, எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் கழித்து. அதுவும் நேரில் இல்லை. நான் கீழே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அவள் மேல் போர்ஷனில் இருந்தாள். சிரிப்பு என் தலைக்கு மேலே, கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். சிரிப்பின் முடிவில் வந்த சின்ன இருமலை வைத்துத்தான் அவள் என்று தெரிந்தது. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. அதை ஒப்புக்கொண்டுதான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில். எண்பது கஜம் இடம். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. நான் சனத்நகரில் ஒரு சின்ன பட்டறையில் லேத் ஓட்டினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு உறவினரோடு இந்த ஊருக்கு வந்தவன். கீழ் வீட்டைக் கட்டி ஏழு வருடம் கழித்து மேல் வீட்டைக் கட்டினேன். கேட்டைத் திறந்ததும் வெளிப்பக்கமாகப் படிக்கட்டு ஏறும். மேல் போர்ஷன் வாசலைத் தொட்டுக்கொண்டு திரும்பி மொட்டை மாடிக்குப் போகும். மாடியில் தண்ணீர் டேங்க். டேங்க் நிழலில் ஒரு பழைய ஸ்டூல். முதல் ஷிஃப்ட் முடிந்து நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தால், இருட்டும் வரை நான் அந்த ஸ்டூலில்தான் இருப்பேன். யாரோடும் பேச வேண்டாத இடம்.

பேசுவது எனக்கு வராது. கோபமோ கர்வமோ கிடையாது. எதிரில் ஆள் வந்து நின்றால் வாய்க்குள் இருப்பது உள்ளேயே நின்றுவிடும். மேல் வீட்டுக்குக் குடிவந்தவர்களிடம் எல்லாம் பேசியது என் மனைவிதான். நான் பின்னால் நின்று தலையாட்டுவேன். அவளிடமும் எனக்கு அப்படித்தான். "சாப்டியா", "சாவி எங்க", "பையன் போன் பண்ணானா". இதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பையன் பத்தாவது முடித்து, இன்டர் படிக்க ஹாஸ்டலுக்குப் போனபிறகு மூன்றாவது கேள்வி மட்டும்தான் மிச்சமிருந்தது.

அந்த வருடம்தான் மேல் போர்ஷனுக்கு ஒருத்தி குடிவந்தாள். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். முப்பத்தெட்டு வயது இருக்கும். புருஷன் ரயில்வேயில் கார்டு. வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார், அந்த இரண்டு நாளும் தூங்குவார். என்னை அண்ணா என்பாள், என் மனைவியை அக்கா என்பாள். முறை வைத்துப் பார்த்தால் இடிக்கும். இங்கே யாரும் முறை பார்ப்பதில்லை.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, ஒரு ஹெல்ப். முன் ரூம்ல சின்னதா ஒரு பியூட்டி பார்லர் போட்டுக்கட்டா? லேடீஸ் மட்டும்தான். சத்தம் கித்தம் ஒண்ணும் இருக்காது."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"அவர இன்னாத்துக்குக் கேக்கற? சரின்னுதான் சொல்லுவாரு" என்றாள் என் மனைவி. "சரின்னா தலைய ஆட்டினா போதும். வேணாம்னா வாயத் தொறக்கணும்."

இருவரும் சிரிக்காமல் சிரித்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

குடியிருக்க மட்டும் என்று எழுதிய பழைய அக்ரிமென்ட் இதற்குச் செல்லாது என்றார்கள். தார்நாக்காவில் ஸ்டாம்ப் பேப்பர் விற்கிற கடையிலேயே டைப் செய்து கொடுத்தார்கள். பதினோரு மாதத்துக்கு. எல்லாம் ஆங்கிலம். என் மனைவி பத்தாவது படித்தவள். எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் படித்து, "குடியிருக்கவும், சின்னதா தொழில் பண்ணவும்னு போட்டிருக்குது" என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை, நான்கு மின்விசிறி என்று எல்லாம் எழுதியிருந்தது. என் மனைவியும் அதில் சேர்த்தி என்று எழுதியிருக்கவில்லை.

பார்லருக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. ஏறி இறங்க வேண்டும், பின்பக்கம் சாய வேண்டும். கடையில் விலை கேட்டுவிட்டு வந்து அவள் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி, "கடையில எதுக்கு? எங்க வீட்டுக்காரரு செஞ்சி குடுப்பாரு" என்று சொல்லிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஷிஃப்ட் முடிந்தபிறகு பட்டறையில் அனுமதி வாங்கி, கழித்துப் போட்ட ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்து மரை போட்டேன். அடியில் கனமான தட்டு. சாய்வதற்கு நான்கு பல் வெட்டினேன். சனத்நகரிலிருந்து ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வேறு ஒரு கடையில் ரெக்ஸின் தைத்தார்கள். அடர்ந்த சிவப்பு.

"அரே அண்ணா, இது பஞ்சாரா ஹில்ஸ் பெரிய பார்லர்ல கூட கெடைக்காது" என்றாள் குடிவந்தவள். அதில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். என் மனைவியும் உட்கார்ந்து சுற்றினாள். நான் உட்காரவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

மறுநாள் படிக்கட்டின் அடியில் ஒரு பலகை தொங்கியது. பெண்களுக்கு மட்டும் என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். படி திரும்பும் இடத்தில் ஒரு பூப்போட்ட திரை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் மாடிக்குப் போகிற வழியும் அதுவே. ஸ்டூல் மேலே இருந்தது, நான் கீழே இருந்தேன்.

அவள் அதற்கும் ஒரு வழி சொன்னாள். "பெல்ல மூணு தடவ அடிங்க அண்ணா. நீங்கன்னு தெரிஞ்சிடும். டோர சாத்திக்கறேன்." ஒரே ஒரு நாள் அப்படி அடித்தேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு அப்படியே நின்றது. "ஹவுஸ் ஓனர் வர்றாரு" என்று யாரோ தெலுங்கில் சொன்னார்கள். கதவு சாத்தும் சத்தம், செருப்புகளை ஓரம் தள்ளும் சத்தம். நான் கட்டிய படியில், என் கால்களையே பார்த்துக்கொண்டு, ஒரு திருடன் மாதிரி ஏறிப் போனேன். அதன்பிறகு செவ்வாய்க்கிழமை மட்டும் போவது என்று வைத்துக்கொண்டேன். செவ்வாயன்று எங்கள் பக்கத்தில் யாரும் முடியில் கை வைக்க மாட்டார்கள். பார்லர் சும்மா இருக்கும். ஆறு நாள் சாயங்காலத்தைக் கொடுத்துவிட்டு ஒரு நாளை வைத்துக்கொண்டேன்.

அப்போது உப்பல் பக்கம் கால் சென்டர்கள் வந்துவிட்ட காலம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பெண்கள், வேலைக்குப் போகும் முன்பு புருவம் திருத்திக்கொள்ள வந்தார்கள். படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்தால் கேட்டுக்குள் நுழையவே தயங்கி, எதிர் டீக்கடையில் நின்றிருக்கிறேன்.

கீழே தனியாக இருந்த என் மனைவி முதலில் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு துண்டு துவைத்துக் கொடுத்தாள். பிறகு நூல் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். புருவம் எடுப்பதற்கு வெறும் தையல் நூல்தான். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கையிலும் முறுக்கிக் கத்தரி மாதிரி விரித்து மூட வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் தங்கள் காலில்தான் பழகுவார்களாம். ஒருநாள் சாயங்காலம் அவள் தரையில் உட்கார்ந்து, புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கிவிட்டுக்கொண்டு, தன் காலிலேயே முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கெண்டைக்கால் சிவந்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உங்க கைய கொஞ்சம் குடுங்களேன். முடி நெறைய இருக்குது. நல்லா பழகலாம்."

எனக்கு ஏன் அப்படி வெட்கம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கட்டிய மனைவி, கேட்டது கையை. "கொஞ்சம் வேல இருக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் வேலை எதுவும் இல்லாமல் அரைமணி நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது நூல் கண்டு அலமாரியில் இருந்தது. அவள் மேலே போயிருந்தாள்.

நான் கொடுக்காத இடத்தில் குடிவந்தவள் தன் முகத்தையே கொடுத்துவிட்டாள். பழக்கமில்லாத கை. அவளுடைய இடது புருவத்தில் பாதி போய்விட்டது. ஒரு மாதம் பென்சிலால் வரைந்துகொண்டு திரிந்தாள். நான் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேலே கேட்ட சிரிப்பு அந்தப் பாதிப் புருவத்துக்காகத்தான். பிறகு என் மனைவியே சொன்னாள். சொல்லும்போது அவள் மறுபடி சிரித்தாள், ஆனால் அது சொல்வதற்கான சிரிப்பு, சின்னது. முழுச் சிரிப்பு மேலேயே நடந்து முடிந்துவிட்டது. அது என் முழங்கையில் நடந்திருக்க வேண்டியது.

அதற்குப் பிறகு நான் அந்தச் சிரிப்பைக் காத்திருந்து கேட்க ஆரம்பித்தேன். டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பேன். எந்த நேரத்துக்கு வருகிறது, எத்தனை தடவை வருகிறது என்று எனக்குத் தெரியும். வராத நாளில் நிம்மதியாக இருக்கும். அப்படி நிம்மதிப்பட்டதற்காக என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கும்.

நாலைந்து மாதத்தில் அவள் கை நன்றாக வந்துவிட்டது. கால் சென்டர் பெண்கள் "கீழ் வீட்டு ஆன்டி இருக்காங்களா" என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் நான் வீட்டுக்கு வந்தபோது மாடி டேங்க் நிரம்பிச் சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு, பெல் அடிக்க மறந்து படியேறி ஓடினேன். திரை ஒதுங்கியிருந்தது. கதவும் பாதி திறந்திருந்தது.

நான் செய்த நாற்காலியில் ஒரு பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது. என் மனைவி அவள் முகத்துக்கு மேலே குனிந்திருந்தாள். பல்லில் நூல். அவள் கண்கள் அந்தப் பெண்ணின் புருவத்தைத் தவிர உலகத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை. லேத்தில் கடைசித் தேய்ப்புக்கு நான் குனிவது மாதிரிதான் குனிந்திருந்தாள். ஒரு பக்கம் முடித்ததும் நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, எரிச்சல் தணிய அந்தப் புருவத்தின் மேல் மெல்ல ஊதினாள். இரண்டு தடவை. பிறகு கட்டை விரலால் நீவிவிட்டாள்.

நான் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டேன். டேங்கைப் பார்க்கவில்லை. பதினெட்டு வருடத்தில் என் முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் காட்டியதும் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை. பெயர் தெரியாத ஒரு பெண்ணின்மேல், கழுத்தில் அட்டை தொங்கும் ஒரு சின்னப் பெண்ணின்மேல், எனக்குப் பொறாமை வயிற்றிலிருந்து எழும்பியது. புளித்த ஏப்பம் மாதிரி.

வீட்டிலும் என் மனைவியின் பேச்சு மாறிவிட்டது. எதை ஆரம்பித்தாலும் "அவ சொன்னா" என்று ஆரம்பித்தாள். தக்காளியில் முகம் துடைத்தால் நல்லது என்று அவ சொன்னா. பையனை அதட்டக் கூடாது என்று அவ சொன்னா. ஒருநாள் காலையில் இன்னும் ஒரு தோசை வைக்கப் போனாள். நான் கையை நீட்டி மறைத்தேன்.

"நக்கோவா?" என்றாள்.

வேண்டாமா என்பதற்குக் குடிவந்தவள் சொல்கிற இந்த ஊர் வார்த்தை. இவளோ குடியாத்தத்துப் பெண். இந்த ஊரில் பதினெட்டு வருடமாக என்னோடு இருந்தும் அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. என்னோடு பேசிப் பேசி எந்த வார்த்தையும் அவளுக்கு ஒட்டியிருக்காது. பேசினால்தானே ஒட்டும்.

பதினோரு மாதம் முடியப் போனது. அக்ரிமென்ட்டைப் புதுப்பிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். வீடு என்னுடையது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்ல வேண்டும். குடிவந்தவளிடம் சொல்ல வாய் வராது. மனைவியிடம் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஒரு வாரம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல்லிப் பார்த்தேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்டேஷனரிக் கடையில் டு-லெட் போர்டு தகரத்தில் தயாராக விற்கும். அதை கேட்டில் மாட்டிவிட்டால் போதும். குடிவந்தவள் பார்ப்பாள், புரிந்துகொள்வாள், அவளே கேட்பாள், நான் தலையாட்டினால் முடிந்தது.

ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் மாட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போனேன். அன்று நான் கடைந்த புஷ் என்கிற இரும்பு வளையங்களில் மூன்று, அளவு தப்பிப் போயின.

நாலரை மணிக்கு வந்தபோது குடிவந்தவள் கேட்டிலேயே நின்றிருந்தாள். கையில் ஒரு பொட்டலம் உஸ்மானியா பிஸ்கட். முகம் முழுக்கச் சந்தோஷம். பின்னால் எங்கள் வாசற்படியில் என் மனைவி நின்றிருந்தாள்.

"அண்ணா, போர்டு பாத்ததும் எனக்கு பேச்சே வரல" என்றாள் குடிவந்தவள். "பையன் காலேஜ் பக்கமா வீடு பாத்துக்கிட்டு போயிடலாம்னு அக்கா அன்னிக்கு சும்மா சொன்னாங்கன்னு நெனச்சேன். நெஜமாவே போறீங்களா? வேற யாருக்கும் குடுக்காதீங்க அண்ணா, நக்கோ. கீழ் போர்ஷனும் நாங்களே எடுத்துக்கறோம். பிரைடல் மேக்கப்புக்கு ஒரு ரூம் இல்லாம நான் பரேஷான் ஆயிட்டிருக்கேன். அக்கா பஸ்ல வந்து போனா போதும், அந்த காச நான் குடுக்கறேன். சரியா அண்ணா?"

அவளுக்கு அந்தப் பலகை தன் போர்ஷனுக்காக என்று தோன்றவே இல்லை. தன்னை யாரும் போகச் சொல்வார்கள் என்று நினைக்கும்படி அவள் எதுவும் செய்திருக்கவில்லை. நான் இல்லை என்று சொல்ல வேண்டும். அது வாயைத் திறக்கிற வேலை. அவள் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். பிஸ்கட் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு அவள் படியேறி ஓடினாள். நான் குடியிருந்த வீட்டையே நான் வாடகைக்கு விட்டுவிட்டேன்.

உள்ளே வந்ததும் என் மனைவி கதவைச் சாத்தினாள்.

"போர்டு கீழ் வீட்டுக்கா, மேல் வீட்டுக்கா?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

"அவளுக்குப் புரியல. எனக்குப் புரியும். ஒங்க கூட பதினெட்டு வருஷமா இருக்கறேன், நீங்க பேசாததெல்லாம் எனக்குக் கேக்கும்." கதவில் சாய்ந்துகொண்டாள். "அவ இன்னா பண்ணா ஒங்கள?"

பிஸ்கட்டை மேசையில் வைத்தேன்.

மறுநாளிலிருந்து அவள் மேலே போகவில்லை. குடிவந்தவள் வந்து கூப்பிட்டபோது, "தலவலிம்மா, வெளிச்சம் பாக்க முடியல" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். நான் செய்ததை அவள் மேலே சொல்லவில்லை, எனக்காகப் பொய் சொன்னாள். அது எனக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. நான் ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீட்டில் இருந்தாள். சோறு சூடாக இருந்தது. கேட்டதற்குப் பதில் சொன்னாள். இத்தனை மாதமாக நான் ஆசைப்பட்டது அதுதான், அவள் கீழே இருக்க வேண்டும், தலைக்கு மேலே சிரிப்பு கேட்கக் கூடாது. இரண்டும் நடந்தன. நூல் கண்டை அலமாரியிலிருந்து எடுப்பாள், விரலில் ஒரு சுற்றுச் சுற்றுவாள், பிரிப்பாள், திருப்பி வைப்பாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அது உதவவில்லை. மேலே வருகிற பெண்கள் "ஆன்டிக்கு என்னாச்சு" என்று கேட்பது படிக்கட்டில் கேட்டது.

ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. டேங்க் பார்க்கிற நாள். கேட்டிலிருந்து டு-லெட் போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு படியேறினேன். பார்லரில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் பெல்லை மூன்று தடவை அடித்தேன்.

அவள் வெளியே வந்தாள். போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்ன அண்ணா, கழட்டிட்டீங்க?"

நான் வாயைத் திறந்தேன். எவ்வளவு நேரம் கழித்து வார்த்தை வந்தது என்று தெரியாது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"இது கீழ் வீட்டுக்கு இல்லம்மா. நான் மேல் வீட்டுக்குத்தான் மாட்டினேன்."

"மேல் வீட்டுக்கா? கைக்கு அண்ணா, எதுக்கு? வாடகை லேட் பண்ணேனா?"

"இல்ல."

"தண்ணி அதிகமா செலவாகுதா? ஆளுங்க வந்து போறது கஷ்டமா இருக்கா?"

"அதெல்லாம் இல்ல." போர்டின் கம்பியை விரலில் முறுக்கிக்கொண்டே சொன்னேன். "அவ இங்க சிரிக்கறா. கீழ சிரிக்கறதில்ல."

அவள் சிரித்துவிடுவாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. இடது புருவத்தை விரலால் தொட்டாள். வளர்ந்துவிட்டிருந்தது, ஆனால் பழையபடி சரியாக வளரவில்லை.

"அது என் தப்பா அண்ணா?"

"இல்லம்மா."

"காலி பண்ணச் சொன்னா பண்ணிடறோம். உங்க வீடு. வேற எடம் கெடைக்கும் எனக்கு." குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "ஆனா அக்கா சிரிக்கறத என்கிட்ட வந்து கேக்காதீங்க. அக்காகிட்டயே போய் கேளுங்க. நீங்க அவங்ககிட்ட இப்ப என்கிட்ட பேசின அளவு பேசியிருக்கீங்களா?"

நான் தலையாட்டப் போனேன். எதற்கு என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன். "நீங்க காலி பண்ண வேணாம்" என்று சொன்னேன். அதை வாயால் சொன்னேன்.

கீழே வந்தேன். என் மனைவி சமையல் மேடை அருகில் நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் பேசினால் எங்கள் சமையலறையில் கேட்கும், அது எனக்கு நினைவில் இருந்திருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை. நான் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கையை நீட்டினேன்.

"இந்தா."

"இன்னாது?"

"அன்னிக்குக் கேட்டியே. பழகிக்க."

கத்தியை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தாள். முடியில் அங்கங்கே வெள்ளை. லேத் எண்ணெய் எத்தனை சோப்புப் போட்டும் போகாத ஒரு நிறம். நிதானமாகப் பார்த்தாள்.

"இப்ப எனக்குப் பழக ஆள் வேணாம். கை வந்துடுச்சி" என்றாள். மறுபடி பீன்ஸை எடுத்தாள். நான் கையை மடக்கிக்கொண்டேன். மடித்த சட்டையை இறக்கிவிடத் தோன்றாமல் நின்றேன். கடைசி பீன்ஸையும் நறுக்கி முடித்துக் கையைத் துடைத்தபிறகுதான் திரும்பினாள்.

"ஒங்க ரெண்டு புருவமும் நடுவுல ஒண்ணா சேந்து கெடக்குது. கல்யாணத்தன்னிக்கே பாத்தேன். வேணும்னா கஸ்டமரா மேல வாங்க. அவளக் கொஞ்ச நேரம் வெளிய போகச் சொல்றேன்."

"பெண்களுக்கு மட்டும்னு போட்டிருக்குதே."

"இன்னிக்கு செவ்வாக்கெழமதான. யாரும் வர மாட்டாங்க."

குடிவந்தவள் ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனாள். போகும்போது படியில் நின்று, "அக்கா, பாத்து. எனக்குப் பண்ண மாதிரி பாதியா எடுத்துடாதீங்க. பட்டறையில உள்ள விட மாட்டாங்க" என்றாள். என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குத்தான் போனது. எனக்கு மறுபடி வயிற்றில் அதே புளிப்பு. அது போய்விட்டதாக நான் எங்கும் சொல்லவில்லை. இதற்குப் பிறகு நான்கு அக்ரிமென்ட் எழுதினோம், நான்கிலும் கையெழுத்துப் போடும்போது அது இருந்தது.

நான் செய்த நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தேன். சாய்ந்ததும் தெரிந்தது, அது இடது பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது. அடித்தட்டில் கால் அங்குலம் தப்பு. பத்து மாதமாக எத்தனையோ பெண்கள் அப்படியே சரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை. என் மனைவி வலது பக்கமாகத் தள்ளி நின்று வேலை செய்யப் பழகியிருந்தாள்.

"நாற்காலி கோணலா இருக்குது" என்றேன்.

"தெரியும். கண்ண மூடுங்க."

நூலை அறுத்து ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். குனிந்தாள். நெற்றியில் முதல் தடவை நூல் ஓடியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூச்சை இழுத்தேன். அவள் மூச்சு என் மூக்கில் பட்டது, காலையில் மென்ற சோம்பு வாசனை. கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். அன்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த அதே பார்வை. இப்போது என்மேல் இருந்தது.

நான் எப்போதும் போல அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. பிறகுதான் விளங்கியது. பல்லில் நூல் இருக்கும்போது அவளால் பேச முடியாது. அதனால்தான் வருகிற பெண்கள் எல்லாம் அவளிடம் கதை கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாற்காலியில் இருப்பவர்தான் பேச வேண்டும்.

தொண்டையைச் செருமினேன்.

"போன வியாழக்கெழம" என்றேன், "பட்டறையில மூணு புஷ் பாழாப்போச்சு."

நூல் நின்றது. அவள் புருவத்தை உயர்த்தினாள், எப்படி என்று கேட்கிற மாதிரி.

நான் சொல்ல ஆரம்பித்தேன்.